மனையை வாங்குங்கள், நீரை எழுதிக் கொடுக்காதீர்கள்: டெல்டா இருளர்களுக்கு எந்த நில உரிமை?

கொள்ளிடத்தின் தென்கரையில் ஒரு வடிகால் வாய்க்காலை ஒட்டிக் கிழக்கே போனால், பஸ் போகும் சாலையிலிருந்து தெரியாத இடத்தில் சில இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. மண்சுவர், கூரை, கூரைமேல் தார்ப்பாய். வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்தில் தங்குகிறார்கள். வடிந்தால் மறுபடி கரைக்கு வருகிறார்கள். அவர்களிடம் இப்போது ஒரு யோசனை சொல்லப்பட்டிருக்கிறது: கரையைக் காலி செய்து கொடுத்தால், உள்ளே வேறோர் இடத்தில் குடும்பத்துக்கு மூன்று சென்ட் இலவச வீட்டுமனைப் பட்டா. ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சீர்காழி, தரங்கம்பாடி, கிள்ளை, முத்துப்பேட்டை என்று காவிரி கடலைத் தொடும் பக்கமெல்லாம் ஏதோ ஒரு வடிவில் இது கேட்கப்படுகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனையை வாங்குங்கள், மனைக்கு ஈடாக நீரையும் அலையாத்திக் காட்டையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். குடியிருக்கும் உரிமைக்கு ஒரு சட்டம், பிழைக்கும் உரிமைக்கு வேறொரு சட்டம். ஒன்றைப் பெற மற்றதை விட வேண்டும் என்று நான் படித்த எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒப்புதல் கடிதங்களில்தான் அப்படி எழுதப்படுகிறது.

டெல்டாவில் ஏது பழங்குடி என்று கேட்ட அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். பழங்குடி என்றால் மலை, மலை என்றால் நீலகிரி என்பது அவர்கள் கணக்கு. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவை என்று அரசே தனியாகப் பட்டியலிட்டிருக்கும் ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒருவர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் மற்ற ஐவர். இருளர்களில் ஏராளமானோர் வாழ்வது சமவெளியில், ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் வயலோரத்திலும்தான். சட்டத்தின் பெரிய கவசங்கள் அவர்களை எட்டாததற்கு ஒரு காரணம் உண்டு. அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று தமிழ்நாட்டில் எந்த இடமும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-இன் பெசா சட்டம் இங்கே இல்லை. 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆந்திரத்துப் பழங்குடி நிலத்துக்குக் கொடுத்த பாதுகாப்பும் இங்கே நீளாது. 2007-இல் ஐ.நா. பொதுச்சபை பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை 144 நாடுகளின் வாக்கோடு ஏற்றபோது இந்தியாவும் ஆதரித்தது. கூடவே, விடுதலைக்குப் பின் இந்தியர் எல்லாருமே இம்மண்ணின் பூர்வகுடிகள் என்ற தன் நிலைப்பாட்டையும் சொல்லி வைத்தது. அந்தப் பிரகடனத்தைத் தாசில்தார் மேசையில் வைத்துப் பயனில்லை. அவர் படிக்கக்கூடிய சட்டங்களை வைத்துத்தான் பேச வேண்டும்.

இருக்கும் இடத்திலேயே கேட்பது

எல்லாரும் முதலில் விரும்புவது இதைத்தான். நியாயமும் இதுதான். ஆனால் இது கிடைக்குமா என்பதைக் குடும்பங்களின் ஏழ்மையோ, எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்பதோ தீர்மானிப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே கூட்டம் போடுவதற்கும் கொடி நடுவதற்கும் முன்னால் அந்த ஒரு வரியை நகல் எடுத்து வாருங்கள்.

கிராம நத்தம் என்றிருந்தால் கவலை இல்லை, நத்தம் குடியிருக்கத்தான். தீர்வை ஏற்பட்ட தரிசு என்றிருந்தாலும் ஒப்படை, அதாவது அரசு நிலத்தை உங்கள் பெயருக்கு ஒதுக்கித் தரும்படி, கேட்க வழி உண்டு. மேய்ச்சல் என்றால் வகைப்பாட்டை மாற்ற வேண்டும். இழுபடும், ஆனால் முடியாததில்லை.

வாய்க்கால், ஏரி, ஆறு என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. தமிழ்நாட்டின் 2007-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும், உயர் நீதிமன்றம் அடுத்தடுத்துப் போட்ட உத்தரவுகளும் சேர்ந்து நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா என்ற கதவை ஏறக்குறைய மூடிவிட்டன. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம் ஒரு சிறு சாளரத்தை விட்டு வைத்தது: நிலமற்ற தொழிலாளர்களுக்கோ, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ அரசு அறிவிக்கையின்படி கொடுத்த இடங்களை விதிவிலக்காக வரன்முறைப்படுத்தலாம் என்றது. மனுவில் அதை எழுதுகிறேன். எழுதிவிட்டு, டெல்டாவில் வடிகால் அடைபட்டால் முதலில் மூழ்குவதும் அந்தக் கரைக் குடிசைகள்தான் என்பதையும் அவர்களிடம் சொல்கிறேன். நீர்க்கரையில் பட்டா கேட்டு வருடக்கணக்கில் அலைவது என் பார்வையில் வீண். பாதுகாப்பான மாற்று இடம் வரும்வரை எங்களை அப்புறப்படுத்தக் கூடாது என்று கேட்பது வீணில்லை. இரண்டும் ஒரே மனு என்று நினைத்து முதலாவதை மட்டும் எழுதிப் போடுகிறவர்கள் அதிகம்.

தனியார் நிலமாக இருந்தால் டெல்டாவுக்கென்றே பிறந்ததுபோல ஒரு சட்டம் இருக்கிறது. மிராசுதாரின் தோப்பு ஓரத்திலோ வயல் திடலிலோ குடிசை போட்டிருப்பவனை “காலி செய்” என்ற ஒரே சொல்லால் கூலிப் பேச்சிலிருந்து பின்வாங்க வைக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. 1961-இல் குடியிருப்பாளர்களை வெளியேற்றுவதற்கு எதிராக ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டு மூன்றாண்டுகள் கழித்து, 1971-இல், குடியிருக்கும் அந்தத் துண்டு மனையையே குடியிருப்பவருக்குச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் வந்தது. நிலம் அரசு வழியாக மாறுகிறது. உடைமையாளருக்கு இழப்பீடு உண்டு. சட்டம் குறிக்கும் தேதியில் அங்கே குடியிருந்ததையும், விவசாயத்தில் உடலுழைப்பு செய்பவர் என்பதையும் காட்ட வேண்டும். இருளர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மீன் பிடிப்பவன்தானே, எலி பிடிப்பவன்தானே என்று தள்ளிவிடுகிறார்கள். சம்பாவில் கதிர் வாங்கும் நேரத்தில் வரப்பு வரப்பாக மூங்கில் வில்லில் கட்டிய தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடித்துக் கொடுப்பது விவசாய வேலை இல்லையென்றால் வேறென்ன? நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள் என்பதற்கு அண்டை வயல்காரர் இருவரின் எழுத்து வாக்குமூலம் வாங்கி வைப்பது நல்லது. இந்தச் சட்டத்தை இப்போது யாரும் நினைப்பதில்லை. புத்தகத்தில் உயிரோடுதான் இருக்கிறது.

கோயில் நிலம் என்றால் கேட்க வேண்டாம். டெல்டாவில் எங்கு திரும்பினாலும் ஏதோ ஒரு சுவாமிக்கோ மடத்துக்கோ சொந்தமான மனை. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவுப்படி காலவரையறைச் சட்டம் கோயில் சொத்துக்குப் பொருந்தாது. நூறாண்டு இருந்தாலும் அனுபவ பாத்தியதை வராது. அடிமனை வாடகைதாரர் என்று பதிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். வாடகை பாக்கி சேர்ந்துவிட்டால் அது வேறு தலைவலி. இருளர் குடும்பத்துக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மூன்று சென்ட்

இப்போது நீட்டப்பட்டிருக்கும் தாளுக்கு வருவோம். கிராமத்தில் வழக்கமாக மூன்று சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடி. அரசு புறம்போக்கிலிருந்து கொடுக்கலாம். இல்லாவிட்டால் 1978-இன் ஆதிதிராவிடர் நலத் திட்ட நில எடுப்புச் சட்டத்தின் கீழ் தனியாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கலாம். இதன் பலம் வெளிப்படையானது. பட்டா இருந்தால்தான் அரசு கட்டித் தரும் தொகுப்பு வீடு. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம் இருளர் உள்ளிட்ட மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கென்றே வீடு கட்டிக் கொடுக்கிறது. மனை இல்லாதவனுக்கு அந்த வீடும் எட்டாது. மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், வங்கிக் கடன் எல்லாம் அந்த ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

பலவீனம் இரண்டு. ஒன்று, தூரம். அந்தக் குடியிருப்பில் ஒரு மூதாட்டி கேட்டதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது: “கொடுக்கும் இடத்தில் வீடு வரும் ஐயா, இறால் வருமா?”

இரண்டாவது பலவீனத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டா வாங்கியவர்களுக்கே அது தெரிவதில்லை. மேடையில் வாங்கிய பட்டாவை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரை எரவாணத்தில் செருகி வைத்திருப்பார்கள். எடுத்துப் பார்த்தால் புல எண் இருக்கும். உட்பிரிவு எண் இருக்காது. நான்கெல்லை என்ற இடத்தில் கிழக்கே இன்னாருக்கு ஒதுக்கிய மனை, மேற்கே இன்னாருக்கு ஒதுக்கிய மனை என்று ஒருவரை ஒருவர் காட்டியிருக்கும். அந்த இன்னாரும் எங்கே தன் மனை என்று தேடிக்கொண்டிருப்பார். சர்வேயர் வந்து அளக்கவில்லை, கல் நடவில்லை, கிராமக் கணக்கில் ஏற்றவில்லை. பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு போகத்துக்கும் வரப்பை இரண்டு சாண் நகர்த்திக்கொண்டே வருவார். சில ஆண்டுகள் கழித்து “பயன்படுத்தாததால் ரத்து” என்று ஓர் உத்தரவும் வரலாம். இது ஏதோ ஓர் ஊரில் ஒருமுறை நடந்ததல்ல. என் மேசைக்கு வரும் மனுக்களில் அடிக்கடி வரும் ஒன்று.

தாள் வேறு, நிலம் வேறு என்பது உலகத்துக்கே பழகிய வியாதி. நிகரகுவாவில் அவாஸ் டிங்னி என்ற மாயங்னா பழங்குடிச் சமூகம் தன் காட்டில் மரம் வெட்ட அரசு ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமத்தை எதிர்த்து வழக்காடி, 2001-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றது. பழங்குடிக்கு நிலம் உண்டு என்று சாசனத்தில் எழுதினால் போதாது, எல்லையை அளந்து, கல் நட்டு, பத்திரம் கொடுக்க வேண்டும் என்று சொன்ன முதல் பெரிய சர்வதேசத் தீர்ப்பு அது. தீர்ப்பு வந்த பிறகும் பத்திரம் கைக்கு வர 2008 ஆகிவிட்டது. உலகம் கவனித்த வழக்குக்கே ஏழாண்டு. ஆகவே மூன்று சென்ட்டை ஏற்பவர்களுக்கு என் நிபந்தனை ஒன்றுதான்: கல் நட்டு, உட்பிரிவு எண் விழுந்து, கணக்கில் பெயர் ஏறி, சுவர் எழும்பும்வரை கரையை விட்டு அசையாதீர்கள்.

நரிக்குறவர் குடியிருப்புகளுக்கு இந்த வழியே போதும் என்று நினைக்கிறேன். 2023 ஜனவரியில்தான் அவர்கள் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்கள் தொழில் இன்று ஊசிமணியும் சந்தையும் சார்ந்தது. பஸ் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் மனை கிடைத்தால் அவர்களுக்கு அதுவே பெரிய வெற்றி. இருளர் கணக்கு வேறு.

காட்டு உரிமைச் சட்டம் கடலோரத்திலும் உண்டு

மூன்றாவது வழி யாரும் முன்வந்து நீட்டாதது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்.

பிச்சாவரத்தில் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலுக்குப் போகும் இடைவெளியிலும், தெற்கே முத்துப்பேட்டையில் பாமணியாறும் கோரையாறும் விழும் காயலைச் சுற்றியும் இருக்கும் அலையாத்திக் காடுகள் காப்புக்காடுகள். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். சட்டம் காட்டு நிலம் என்று சொல்லும்போது காப்புக்காடும் சரணாலயமும் அதில் அடங்கும். மலை இருக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் எழுதவில்லை. மூன்றாம் பிரிவில் சமூக உரிமைகளின் வரிசையில் மீனும் நீர்நிலைகளின் பிற விளைபொருள்களும் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுக்கு வாழிட உரிமை என்று தனியாகவே ஓர் உட்பிரிவு இருக்கிறது.

இருளர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்காதவர்களுக்கு இது வெறும் பிரிவு எண். ஓதம் இறங்கும் நேரத்தில் பெண்கள் கழுத்தளவு நீரில் இறங்குவார்கள். வலை கிடையாது. ஓலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுரபுன்னை வேர்களுக்கு இடையே சேற்றை இரு கையாலும் தடவிக்கொண்டே நகர்வார்கள். கையில் இறால் துள்ளியதும் பறிக்குள் போகும். கெளிற்று முள் குத்தும், சிப்பி கிழிக்கும்; விரல் நுனிகளில் தழும்பில்லாத கை அங்கே கிடையாது. இந்தத் தொழிலுக்குப் படகு வேண்டாம், முதல் வேண்டாம், கடன் வேண்டாம். ஓதம் எப்போது ஏறும், எந்த ஓடையில் எந்த மாதம் சேறு இளகும் என்ற அறிவும், அந்தச் சேற்றில் இறங்கத் தடை இல்லாத நிலையும் இருந்தால் போதும். அந்தத் தடையில்லா நிலை இன்று வனக் காவலரின் மனநிலையைப் பொறுத்திருக்கிறது. அதைச் சட்ட உரிமையாக்குவதுதான் சமூக வன உரிமை.

இதற்கு ஒப்பான ஒரு வழக்கு ஆஸ்திரேலியாவில் உண்டு. டெல்டாவில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. வட பிரதேசத்தில் 1976-இன் சட்டப்படி பழங்குடி அறக்கட்டளைகளிடம் நிலம் ஒப்படைக்கப்பட்டது. கடலோர நிலத்தின் எல்லை தாழ்ஓதக் கோடுவரை. ஓதம் ஏறி அந்தச் சேற்றை நீர் மூடும்போது, மேலே நிற்கும் நீரில் யாருக்கு அதிகாரம்? மீன்பிடி உரிமம் வைத்திருப்பவர் உள்ளே வரலாமா? ப்ளூ மட் பே வழக்கில் 2008 ஜூலையில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், சேறு யாருடையதோ அதன்மேல் ஏறும் நீரில் நுழையவும் அவர்கள் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பிரதேசக் கடற்கரையில் சுமார் 80 சதவீதத்துக்கு இது பொருந்தியது. நம் சட்டம் அவ்வளவு தூரம் போகாது. பிறரை விலக்கும் அதிகாரத்தை அது கொடுப்பதில்லை. ஆனால் சேற்றையும் நீரையும் ஒரே உரிமையாகப் பார்க்க முடியும் என்பதற்கு ஒரு நீதிமன்றத்தின் வாய்ச்சொல் இருக்கிறது.

இன்னொரு விஷயத்தில் நம் சட்டம் ஆஸ்திரேலியாவைவிட இளகிய மனம் கொண்டது. 1992-இல் மாபோ தீர்ப்பு, வெள்ளையர் வருமுன் அது ஆளில்லா நிலம் என்ற பொய்யை உடைத்தது. 1993-இல் பூர்வ உரிமைச் சட்டம் வந்தது. ஆனால் அந்த உரிமையைப் பெற, தலைமுறை தலைமுறையாக அறுபடாத தொடர்பைக் காட்ட வேண்டும். யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 2002-இல் தோற்றது அதனால்தான்: விரட்டப்பட்டவர்களிடம், நீங்கள் தொடர்ந்து அங்கே உங்கள் மரபுப்படி வாழவில்லையே என்றது நீதிமன்றம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் துரத்தப்பட்டே வாழ்ந்த டெல்டா இருளர்களை அந்தத் தராசில் நிறுத்தினால் ஒருவரும் தேற மாட்டார்கள். நம் சட்டம் பழங்குடியினரிடம் கேட்பது 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டைச் சார்ந்து வாழ்ந்தார்களா என்பதை மட்டும். முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வைத்தாலே அது சான்று. இடுகாடு, பழைய குடிசைத் திட்டு எல்லாமும் சான்று. முடிவு வரும்வரை வெளியேற்றக் கூடாது என்று நான்காம் பிரிவு சொல்கிறது.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. கோரிக்கையை எடுத்துத் தீர்மானிக்க வேண்டியது கிராம சபை. பெரிய ஊராட்சியில் இருபது இருளர் குடும்பத்தின் குரல் மே 1-ஆம் தேதிக் கூட்டத்தில் எடுபடாது. குடியிருப்பு அளவில் தனிச் சபை கூட்டச் சொல்லி முதலிலேயே எழுதிக் கேட்க வேண்டும். அதே காயலில் மற்ற மீனவர்களும் தொழில் செய்கிறார்கள். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்டினால் அவர்களுக்கும் இதே சட்டத்தில் இடம் உண்டு. அவர்களோடு சண்டை போட்டுப் பெறும் உரிமை காயலில் ஒருநாளும் நிம்மதியாக நடக்காது. ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து எந்த ஓடை, எந்தப் பருவம், எந்த வலைக்குத் தடை என்று பேசி அதையே கோரிக்கையில் எழுதுவது புத்திசாலித்தனம். காட்டுக்கு வெளியே ஓடும் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் இந்தச் சட்டம் வராது. அங்கே மீன்பாசி ஏலம்தான், அதாவது மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுப்பதுதான். கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து ஏலம் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அலையாத்திக் காட்டை ஒட்டியே வீடு கேட்பதும் முடியாது: கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை பெரிய அலையாத்திக் காடுகளைச் சுற்றி 50 மீட்டர் விட்டுவிடச் சொல்கிறது. வீடு தள்ளித்தான், தொழில் உள்ளேதான். அதனால்தான் வீட்டுமனைக்கு ஒன்று, காட்டு உரிமைக்கு ஒன்று என்று இரண்டு மனுக்கள் என்கிறேன்.

யார் பெயரில்

எந்த வழியானாலும் கடைசியில் ஒரு கேள்வி நிற்கும்: தனித்தனியா, சேர்த்தா? விற்கலாமா, கூடாதா? இதில் நம் அனுபவமும் அமெரிக்க அனுபவமும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன.

1887-இல் அமெரிக்கா டாஸ் சட்டம் கொண்டுவந்தது. பழங்குடிகளின் பொது நிலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால் அவர்கள் நல்ல விவசாயிகள் ஆகிவிடுவார்கள் என்பது எண்ணம். 25 ஆண்டு விற்கத் தடையும் இருந்தது. பங்கிட்டுக் கொடுத்தது போக மீந்ததை அரசு வெளியாருக்கு விற்றது. தடை நீங்கியதும் பங்குகளும் கைமாறின. சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்த பழங்குடி நிலம் 1934-இல் அந்தக் கொள்கையைக் கைவிடும்போது சுமார் 4.8 கோடி ஏக்கர். நம் ஊரில், 1892-இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம். பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. இன்று அதில் எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்பது மாநிலத்துக்கே தெரிந்த கதை. ஆண்டுக் கணக்குத் தடை, அந்த ஆண்டு முடியும் நாளைக் காத்திருப்பவனுக்கு நாள்குறித்துக் கொடுப்பதுதான்.

அலாஸ்காவில் 1971-இல் வேறு மாதிரி செய்தார்கள்: 4.4 கோடி ஏக்கரைப் பழங்குடிகள் பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். எண்ணெயும் மூலதனமும் இருக்கும் இடத்துக்கு அது சரி. மூன்று சென்ட்டுக்குக் கம்பெனி எதற்கு?

டெல்டாவிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நாகப்பட்டினம் பக்கத்தில் நிலவுடைமையாளர்களிடம் பேசி விலைக்கு வாங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் அளவில் பிரித்துக் கொடுத்தது. பெண் பெயரில் எழுதியது. குடிக்கும் கடனுக்கும் ஆண்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று தெரிந்தே செய்த வேலை அது. விலைக்கு வாங்குவது என்ற வழி இன்றைய டெல்டா நில விலையில் இருளர்களுக்கு எட்டாது. பெண் பெயர் என்ற பாடத்துக்குச் செலவே இல்லை.

என் முடிவு இதுதான். வீட்டுமனை தனித்தனியாக, மனைவி பெயரில் அல்லது இருவர் பெயரில். வன உரிமைச் சட்டத்தில் தனி உரிமைக்கும் இருவர் பெயர் கட்டாயம். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. காயலும் ஓடையும் சேறும் ஒருபோதும் பங்கிடாத பொது உரிமையாக. “எனக்கு இந்த ஓடை, உனக்கு அந்த ஓடை” என்று பிரித்துத் தனி உரிமை கேட்கச் சொல்லும் இளைஞர்களைச் சில இடங்களில் பார்க்கிறேன். சீக்கிரம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். கிடைக்கலாம். மீன் இடம் மாறும் தொழிலில் ஓடையைப் பிரித்து என்ன செய்வது? ஒரு கடன்காரன் வந்தால் ஒவ்வோர் ஓடையாகப் போகும்.

மனு எழுதும் வரிசை

முதலில் சாதிச் சான்றிதழ். பழங்குடிச் சான்று கொடுப்பது தாசில்தார் இல்லை, வருவாய் கோட்டாட்சியர். அது இல்லாமல் இதில் எதுவும் நகராது. பிள்ளைகளில் ஒருவருக்குக் கிடைத்திருந்தால் அதன் நகலை வைத்து உறவு முறையில் மற்றவர்களுக்குக் கேளுங்கள். அடுத்து, அந்தக் கரையில் இருந்ததற்கான சான்று. ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லி வருவாய்த் துறை கொடுத்த பி-மெமோவைக் கிழித்துப் போட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இந்த ஆண்டில் இந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள் என்று அரசே கையெழுத்துப் போட்ட தாள் அது. ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இரண்டு மனுக்களையும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒப்புதல் கடிதம் கேட்டால் கொடுக்கலாம், அதில் “குடியிருப்பை மாற்றிக்கொள்ள மட்டும் சம்மதிக்கிறோம், காப்புக்காட்டிலும் கழிமுகத்திலும் எங்களுக்குள்ள வழக்க உரிமை எதையும் இதன் மூலம் விட்டுக்கொடுக்கவில்லை” என்று சேர்த்து எழுதுங்கள். அந்த வரியை அடிக்கச் சொன்னால் கையெழுத்துப் போட வேண்டாம். ஏன் அடிக்கச் சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மனை கணக்கில் ஏறிவிட்டதா என்று, கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி அடுத்து நடக்கும்போது பாருங்கள். வன உரிமைக் கோரிக்கையை கிராம சபை நிராகரித்தால், தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்து 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவுக்கு மேல்முறையீடு போக வேண்டும். அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தில் நிராகரித்தால் டிசம்பர் முதல் நாளுக்குள். அது மழைக்காலம், கரையில் தண்ணீர் ஏறியிருக்கும், எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். ஆகவே மேல்முறையீட்டு மனுவை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருங்கள்.